முதல் நாவலும் சிறு பதிப்பகமும்: வாசகர் கேள்விகள், எங்கள் பதில்கள்

முதல் நாவலை முடித்தவர்களும் முடிக்கும் தறுவாயில் இருப்பவர்களும் அனுப்பிய கேள்விகளில் ஒன்றுபோல் இருந்தவற்றைச் சேர்த்துத் தந்திருக்கிறோம். பதிப்பாசிரியப் பணியிலும் அச்சுப் பணியிலும் இருப்பவர்கள் பதில் எழுதியிருக்கிறார்கள். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். ஆகவே ஒப்பந்தம் பற்றிய பதில்களைப் படித்தபின், உங்கள் நாட்டுச் சட்டம் அறிந்த ஒருவரிடமும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

பெரிய பதிப்பகங்களை முயலாமல் நேரே சிறு பதிப்பகத்துக்குப் போனால், நாவலுக்கு நானே மதிப்பைக் குறைத்துக்கொள்வதாக ஆகாதா?

ஆகாது. பால் ஹார்டிங்கின் முதல் நாவலான 'டிங்கர்ஸ்' 2009இல் பெல்வியூ லிட்டரரி பிரஸ் என்ற மிகச் சிறிய பதிப்பகத்திலிருந்து வந்தது. 2010இல் புனைவுக்கான புலிட்சர் பரிசு அதற்குத்தான் கிடைத்தது. இது எல்லாருக்கும் நடக்கும் என்று சொல்லவில்லை. பரிசுக் குழுவும் நல்ல வாசகரும் பதிப்பகத்தின் அளவைப் பார்த்துப் புத்தகத்தைத் திறப்பதில்லை என்பதற்காகச் சொல்கிறோம்.

சிறு பதிப்பகம் என்றால் பெரும்பாலும் இரண்டு மூன்று பேர். ஆண்டுக்கு ஐந்து முதல் பதினைந்து தலைப்புகள். உங்கள் நாவலைத் தேர்ந்தெடுத்தவரே அதைத் திருத்துவார், அட்டையை முடிவுசெய்வார், விற்பனையாளரிடமும் பேசுவார். இந்தக் கவனம் வேறெங்கும் எளிதில் கிடைக்காது. அவர்களிடம் குறைவாக இருப்பது பணமும் ஆட்களும். ஒருவர் உடல்நலம் இல்லாமல் படுத்தால் மூன்று புத்தகங்கள் தள்ளிப்போகும். விளம்பரத்துக்கு ஒதுக்கிய தொகை அநேகமாக இருக்காது. கையெழுத்திடுவதற்கு முன் நீங்கள் கேட்க வேண்டியவை எல்லாம் இந்தக் குறைகளைப் பற்றியவைதான்: புத்தகம் எப்படி அச்சாகும், எந்த வழியாகக் கடைக்குப் போகும், கணக்கை யார் எழுதுவார்கள்?

நாவல் அனுப்பும் நிலைக்கு வந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது? எத்தனை சொற்கள் இருக்க வேண்டும்?

இரண்டாவதற்கு முதலில் பதில். தமிழில் 40,000 முதல் 70,000 சொற்கள் வரை உள்ள முதல் நாவலைச் சிறு பதிப்பகம் தயங்காமல் எடுக்கும். டெமி அளவுப் புத்தகத்தில் (5.5 x 8.5 அங்குலம்) பக்கத்துக்குச் சுமார் 30 வரி, வரிக்கு ஆறேழு சொல் என்று கொண்டால் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 200 சொற்கள் அமரும். 50,000 சொற்கள் 250 பக்கம். 1,20,000 சொற்கள் என்றால் 600 பக்கம். காகிதச் செலவு ஏறத்தாழ இரண்டரை மடங்கு, விலையும் அதற்கேற்ப. அறிமுகமில்லாத பெயருக்கு வாசகர் அந்த விலை கொடுக்கத் தயங்குவார் என்பது பதிப்பாளருக்குத் தெரியும். நாவல் அவ்வளவு நீளம் கேட்கிறதென்றால் வெட்டாதீர்கள். முதல் ஐம்பது பக்கம் அந்த நீளத்தை நியாயப்படுத்துகிறதா என்று மட்டும் பாருங்கள்.

முதல் கேள்விக்கு: முடித்த பிரதியை ஆறு வாரமாவது தொடாமல் வையுங்கள். பிறகு அச்செடுத்து, திருத்தாமல் ஒரே மூச்சில் படியுங்கள். ஓரத்தில் 'சலிப்பு', 'புரியவில்லை', 'முன்பே சொல்லியாயிற்று' என்ற மூன்று குறிகள் மட்டும் போடுங்கள். ஒரே அத்தியாயத்தில் இந்தக் குறிகள் குவிந்தால் கோளாறு வாக்கியத்தில் இல்லை, அந்த அத்தியாயம் நாவலில் இருக்கும் இடத்தில் இருக்கிறது. அடுத்து, பாத்திரங்களின் பிறந்த ஆண்டையும் நாவலின் நிகழ்ச்சிகளையும் ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். முதல் நாவல்களில் மிக அதிகமாகப் பிடிபடும் பிழை இதுதான்: தாய்க்கும் மகளுக்கும் பதினொரு வயது வித்தியாசம், எட்டு மாதத்தில் இரண்டு கோடைக்காலம், இரண்டாம் அத்தியாயத்தில் இறந்தவர் ஒன்பதில் கடிதம் எழுதுவது. இவற்றைப் பதிப்பாசிரியர் கண்டுபிடிப்பார். ஆனால் அவரிடம் இருக்கும் குறைந்த நேரத்தை வயதுக் கணக்கில் செலவழிக்க வைத்தால் நாவலின் உள்ளே இறங்க அவருக்கு நேரம் மிஞ்சாது.

நண்பர்களிடம் படிக்கக் கொடுப்பதானால் 'எப்படி இருக்கிறது?' என்று கேட்காதீர்கள். 'எந்தப் பக்கத்தில் கீழே வைத்தீர்கள்?' என்று கேளுங்கள்.

பதிப்பகத்துக்கு எதை எதை அனுப்ப வேண்டும்?

அந்தப் பதிப்பகம் தன் அறிவிப்பில் என்ன கேட்டிருக்கிறதோ அதை மட்டும். முதல் மூன்று அத்தியாயம் கேட்டால் மூன்றுதான். நான்காவதுதான் அபாரம் என்றாலும் அனுப்பக் கூடாது. குறிப்பு எதுவும் இல்லையென்றால் ஒரு கடிதம், ஒரு பக்கக் கதைச் சுருக்கம், முதல் 50 பக்கம். இந்த மூன்றும் போதும்.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். நாவலின் பெயர், சொல் எண்ணிக்கை, இரண்டு மூன்று வாக்கியத்தில் அது எதைப் பற்றியது, இந்தப் பதிப்பகத்தைத் தேர்ந்ததற்கு உண்மையான ஒரு காரணம், உங்களைப் பற்றி இரண்டு வரி. பதிப்பகம் முன்பு போட்ட புத்தகங்களில் இரண்டையாவது படித்திருந்தால் அந்தக் காரணம் தானாக வரும். படிக்காமல் எழுதிய பாராட்டு முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.

கதைச் சுருக்கத்தில் பலரும் தவறுவது முடிவை மறைப்பதில். 'பிறகு அவள் என்ன செய்தாள் என்பதே மீதிக் கதை' என்பது பின்னட்டைக்கு ஏற்ற வாக்கியம். பதிப்பாசிரியர் சுருக்கத்தைப் படிப்பது சுவைக்காக அல்ல, கட்டுமானம் தாங்குகிறதா என்று பார்க்க. கடைசி அத்தியாயத்தில் நடப்பது உட்பட எல்லாவற்றையும் நிகழ்காலத்தில், படர்க்கையில் எழுதுங்கள். பெயர்கள் ஐந்துக்கு மேல் வேண்டாம்.

கோப்பு: 12 புள்ளி எழுத்து, ஒன்றரை வரி இடைவெளி, நான்கு பக்கமும் ஓர் அங்குல ஓரம், எல்லாப் பக்கத்திலும் பக்க எண்ணும் உங்கள் பெயரும். நாவல் முழுதும் ஒரே கோப்பாக இருக்கட்டும். அத்தியாயத்துக்கு ஒன்றாக முப்பது கோப்புகள் அனுப்பினால் யாரோ ஒருவர் உட்கார்ந்து ஒட்ட வேண்டும், ஒட்டும்போது ஓர் அத்தியாயம் தவறிப்போகும். கோப்பின் பெயரில் நாவலின் பெயரும் உங்கள் பெயரும் இருக்க வேண்டும். 'இறுதி வடிவம் புதியது 3' என்ற பெயரில் வந்த கோப்பைப் பிறகு தேடி எடுக்க முடியாது. படங்கள், அலங்கார எல்லைக்கோடுகள், நீங்களே வடிவமைத்த அட்டை எதுவும் வேண்டாம்.

ஒரே நேரத்தில் பல பதிப்பகங்களுக்கு அனுப்பலாமா? அனுப்பி நான்கு மாதமாகிறது, பதிலே இல்லை.

கூடாது என்று அவர்கள் சொல்லியிருக்காவிட்டால் அனுப்பலாம். கடிதத்தில் அதை ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும். ஓரிடத்தில் ஏற்றுக்கொண்டால் அன்றே மற்றவர்களுக்கு எழுதித் திரும்பப் பெற வேண்டும். இதைச் செய்யாதவர்களின் பெயரைப் பதிப்பாசிரியர்கள் நினைவில் வைத்திருப்பார்கள்.

மூன்று முதல் ஆறு மாதக் காத்திருப்பு வழக்கமானது. அவர்கள் சொன்ன கெடு தாண்டி இரண்டு வாரம் ஆனபின் இரண்டு வரியில் நினைவூட்டுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் மறுப்பு என்று எடுத்துக்கொண்டு அடுத்த இடத்துக்கு நகருங்கள். ஒன்று கவனியுங்கள்: காரணங்களோடு வரும் மறுப்பு அபூர்வமானது. 'நடுப்பகுதி தளர்ந்திருக்கிறது, திருத்தினால் மீண்டும் பார்க்கிறோம்' என்று எழுதியிருந்தால் அது கதவு திறந்திருப்பதன் அடையாளம். ஒரே வாரத்தில் திருத்தி அனுப்பிவிடாதீர்கள். இரண்டு மூன்று மாதம் எடுத்துக்கொண்டு, என்ன மாற்றினீர்கள் என்ற குறிப்போடு அனுப்புங்கள்.

நாவலின் சில பகுதிகள் இணையத்தில் வந்துவிட்டன. தடையாகுமா?

ஓரிரு அத்தியாயம் வந்திருந்தால் தடையில்லை. முழு நாவலும் தொடராக வந்திருந்தால் முதல் கடிதத்திலேயே சொல்லுங்கள். ஒரு போட்டிக்கோ தளத்துக்கோ கொடுத்தபோது என்ன நிபந்தனையை ஏற்றீர்கள் என்பதையும் எடுத்துப் படியுங்கள். உரிமையின் ஒரு பகுதி ஏற்கெனவே கைமாறியிருந்தால் அதை ஒப்பந்தத்துக்கு முன்பே தீர்க்க வேண்டும்.

நாவலை ஏற்றுக்கொண்ட பதிப்பகம், 200 பிரதிகளை நானே வாங்கிக்கொள்ள வேண்டும் என்கிறது. இது முறைதானா?

உங்கள் பணத்தில் அச்சடிக்கிறார்கள் என்பதுதான் இதன் பொருள். 200 பிரதிகளுக்கு நீங்கள் தரும் தொகை 300 பிரதிகளின் அச்சுச் செலவை ஈடுகட்டிவிடலாம். அதன்பின் ஒரு பிரதிகூட விற்காவிட்டாலும் பதிப்பகத்துக்கு நட்டமில்லை. நட்டமில்லாத இடத்தில் விற்க வேண்டிய அவசரமும் இருக்காது.

சொந்தச் செலவில் நாவல் வெளியிடுவதில் இழிவு ஒன்றும் இல்லை. அது நேர்மையான வழி. ஆனால் அப்படிச் செய்வதென்றால் எல்லா உரிமையும் உங்களிடமே இருக்க வேண்டும், அச்சகத்தின் விலைப்பட்டியல் உங்கள் கைக்கு வர வேண்டும், விற்றால் வரும் பணத்தில் பெரும்பங்கு உங்களுக்கு வர வேண்டும். பணமும் உங்களுடையது, உரிமையோ அவர்களுடையது, ராயல்டி (விற்பனையில் எழுத்தாளருக்கு வரும் பங்கு) வெறும் 10 விழுக்காடு என்றால் கையெழுத்திடாதீர்கள்.

வேறு அடையாளங்களும் உண்டு. 300 பக்க நாவலை இரண்டே நாளில் 'அற்புதம்' என்று ஏற்றுக்கொள்வது, திருத்தம் எதுவும் தேவையில்லை என்பது, பதிப்பாசிரியர் யார் என்ற கேள்விக்குப் பெயர் சொல்லாமல் இருப்பது, 'அடிப்படை', 'சிறப்பு' என்று கட்டணத் திட்டங்களை நீட்டுவது. அவர்களிடம் முன்பு புத்தகம் போட்ட இரண்டு எழுத்தாளர்களிடம் பேசுங்கள். கணக்கு வந்ததா, எந்த மாதம் வந்தது என்று கேளுங்கள்.

ஒப்பந்தம் எட்டுப் பக்கம் இருக்கிறது. எங்கே கண் வைக்க வேண்டும்?

எட்டுப் பக்கத்திலும். எங்கே நின்று படிக்க வேண்டும் என்றால், முதலில் உரிமை பற்றிய பத்தியில். பதிப்பகம் காப்புரிமையையே எழுதி வாங்குகிறதா, குறிப்பிட்ட காலத்துக்கு வெளியிடும் உரிமத்தை மட்டும் பெறுகிறதா என்று பாருங்கள். இரண்டாவதுதான் உங்களுக்கு வேண்டியது. 1886இன் பெர்ன் உடன்படிக்கையை ஏற்ற நாடுகளில் காப்புரிமை எழுதியவுடனே எழுதியவருக்கு வந்துவிடும், எங்கும் பதிவுசெய்ய வேண்டியதில்லை. 'அனைத்து உரிமைகளும், அனைத்து மொழிகளிலும், அனைத்து வடிவங்களிலும், என்றென்றைக்கும்' என்ற வரி கண்ணில் பட்டால் அதை அடித்துத் திருப்பி அனுப்பத் தயங்காதீர்கள். அச்சுநூல் உரிமையும் மின்னூல் உரிமையும் கேட்பது நியாயம். மொழிபெயர்ப்பு, திரைப்படம், ஒலிநூல் இவற்றை விற்க ஆளும் தொடர்பும் இல்லாத பதிப்பகம் அவற்றைப் பூட்டி வைப்பதால் யாருக்கும் பயனில்லை. தந்தே ஆக வேண்டும் என்றால், வரும் பணத்தில் உங்கள் பங்கு பாதிக்குக் குறையக் கூடாது. 'இரண்டு ஆண்டுக்குள் விற்காவிட்டால் எழுதியவருக்கே திரும்பும்' என்ற வரியும் வேண்டும்.

அடுத்து, வெளியீட்டுக் கெடு. கையெழுத்தான நாளிலிருந்து 18 மாதத்துக்குள் புத்தகம் வராவிட்டால் உரிமை திரும்பிவிடும் என்று இருக்க வேண்டும். கெடு இல்லாத ஒப்பந்தத்தில் சிக்கிய நாவல், யாரும் வெளியிட முடியாமல் ஆண்டுக்கணக்கில் கிடக்கும்.

உரிமை திரும்பும் பத்திதான் முதல் நாவலாசிரியர்கள் மிகவும் அலட்சியமாகக் கடப்பது. முன்பெல்லாம் 'அச்சில் இல்லாமல் போனால் உரிமை திரும்பும்' என்று எழுதினால் போதுமாக இருந்தது. இப்போது தேவைக்கேற்ப ஒரு பிரதிகூட அச்சிடலாம்; பட்டியலில் பெயர் இருக்கும்வரை புத்தகம் 'அச்சில் இருப்பதாகவே' கணக்கு. ஆகவே எண்ணிக்கையில் கட்டுங்கள்: தொடர்ந்து 12 மாதத்தில் 50 பிரதிகளுக்குக் குறைவாக விற்றால், எழுத்தாளர் கடிதம் எழுதி 90 நாளில் உரிமையைத் திரும்பப் பெறலாம். எந்த எண் என்பதைப் பேசித் தீர்மானிக்கலாம். எண் ஒன்று இருக்க வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

'அடுத்த நாவலையும் எங்களுக்கே தர வேண்டும்' என்றிருந்தால் அதை 'முதலில் காட்ட வேண்டும், 60 நாளில் பதில் வராவிட்டால் கட்டுப்பாடு இல்லை' என்று மாற்றக் கேளுங்கள். அதே நிபந்தனைகளில்தான் தர வேண்டும் என்ற சொற்றொடர் ஒட்டிக்கொண்டிருந்தால் அதையும் நீக்க வேண்டும். இரண்டாம் நாவலுக்கு முதல் நாவலின் விலையைக் கட்டும் வரி அது.

உறுதிமொழிப் பத்தியில் நாவல் உங்கள் சொந்தப் படைப்பு, யாருக்கும் அவதூறு இல்லை என்று உறுதி தருவீர்கள். இங்கே பாடல் வரிகளைக் கவனியுங்கள். அத்தியாயத் தலைப்பில் இரண்டு வரி திரைப்பாட்டு போட்டிருந்தாலும் அனுமதி தேவைப்படலாம், அனுமதிக்குப் பணமும் கேட்கலாம். பாடலின் பெயரைக் குறிப்பிட்டு, வரிகளை எடுத்துவிடுவது எளிது.

எழுத்தாளருக்கு எத்தனை இலவசப் பிரதி (10 முதல் 25 வழக்கம்), கூடுதலாக வாங்கினால் என்ன கழிவு, அட்டையைப் பார்த்துக் கருத்துச் சொல்லும் உரிமை, உங்கள் ஒப்புதல் இல்லாமல் பிரதியை மாற்றக் கூடாது என்ற வரி: இவையும் இருக்கட்டும். கேள்வி கேட்பதால் நல்ல பதிப்பாளர் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொள்கிறவரிடம் ஐந்து ஆண்டு கட்டுப்பட்டிருக்க வேண்டுமா என்று யோசியுங்கள்.

ராயல்டி 10 விழுக்காடு என்கிறார்கள். எதில் 10?

சரியான கேள்வி. விலையிலா, பதிப்பகத்துக்கு வந்துசேரும் தொகையிலா என்று ஒப்பந்தம் சொல்ல வேண்டும். புத்தக விலை 100 என்று வைத்துக்கொள்வோம். விலையில் 10 விழுக்காடு என்றால் பிரதிக்கு 10. விற்பனையாளருக்கு 40 கழிவு போனால் பதிப்பகத்துக்கு வருவது 60. அதில் 10 விழுக்காடு 6. மொத்த விநியோகஸ்தர் 55 கழிவு கேட்டால் மிச்சம் 45, உங்களுக்கு 4.50. ஆக, 400 பிரதி விற்றால் முதல் கணக்கில் உங்கள் வருமானம் 40 புத்தகத்தின் விலை, இரண்டாவதில் 24, மூன்றாவதில் 18. வருகிற தொகையில் கணக்கிடும் முறை தவறில்லை. அப்படியானால் விழுக்காடு 15க்கு மேல் இருக்க வேண்டும்.

முன்பணம் தரும் சிறு பதிப்பகங்கள் குறைவு, தந்தாலும் சிறு தொகைதான். கணக்கு ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ வரும் என்று தேதியோடு எழுதச் சொல்லுங்கள். அந்தக் கணக்கில் எத்தனை அச்சிட்டோம், எத்தனை விற்றது, எத்தனை திரும்பி வந்தது, எத்தனை மதிப்புரைக்குப் போனது, எத்தனை இருப்பில் இருக்கிறது என்ற ஐந்தும் வேண்டும். 'விற்றபின் பணம்' என்ற முறையில் கடைகளுக்குப் போய் விற்காத பிரதிகள் மாதங்கள் கழித்துத் திரும்பும். அதனால் முதல் கணக்கில் ஒரு பகுதியைப் பதிப்பகம் பிடித்து வைக்கலாம். எவ்வளவு, எத்தனை நாள் என்பதற்கு வரம்பு போட்டுக்கொள்ளுங்கள்.

பதிப்பாசிரியர் கடைசி இரண்டு அத்தியாயத்தை மாற்றச் சொல்கிறார். மறுக்கலாமா?

மறுக்கலாம். மறுப்பதற்கு முன் அவர் சொல்லும் மருந்தையும் நோயையும் பிரித்துப் பாருங்கள். 'முடிவை மாற்றுங்கள்' என்று அவர் சொன்னாலும், குறை பல நேரம் முடிவில் இருப்பதில்லை. அதற்கு வழிசெய்ய வேண்டிய ஒரு காட்சி நூறு பக்கம் முன்னால் விடுபட்டிருக்கும். 'முடிவு உங்களுக்கு ஏன் ஒட்டவில்லை?' என்று கேளுங்கள். அவர் தொட்டுக்காட்டும் இடம் கிட்டத்தட்ட எப்போதும் சரியாக இருக்கும். தீர்வு உங்களுடையதாக இருக்கலாம்.

திருத்தத்துக்கு ஒரு வரிசை உண்டு, அதைக் கலைத்தால் வேலை இரட்டிக்கும். முதலில் கட்டமைப்பு: எந்த அத்தியாயம் இருக்கும், எது போகும், யார் பார்வையில் சொல்லப்படும். இது ஓரிரு மாதம். பிறகு வரிக்கு வரி நடையைப் பார்ப்பது. அதன்பின் பிரதி செம்மை: எழுத்துப்பிழை, சந்தி, தகவல், எங்கும் ஒரே சீர்மை. கடைசியில் பக்க வடிவமைப்பு, மெய்ப்பு (அச்சுக்கு முன் வடிவமைத்த பக்கங்களில் பிழை பார்ப்பது). கட்டமைப்பு முடியாத பிரதியில் சந்தி பார்ப்பது வீண். அந்தப் பத்தியே நாளைக்குப் போய்விடலாம்.

பிரதி செம்மைக்கு முன் உங்கள் கையாலேயே ஒரு நடைத்தாள் எழுதிக் கொடுங்கள். பெயர்களின் எழுத்து (சுப்ரமணியனா, சுப்பிரமணியனா), 'போய்க்கொண்டிருந்தான்' சேர்த்தா பிரித்தா, எண்கள் எழுத்திலா இலக்கத்திலா, உரையாடலுக்கு ஒற்றை மேற்கோளா இரட்டையா. மிக முக்கியமாக, வட்டார வழக்கில் நீங்கள் வேண்டுமென்றே எழுதிய சொற்களின் பட்டியல். இது இல்லாவிட்டால் நல்லெண்ணத்தோடு ஒருவர் உங்கள் பாத்திரங்களின் பேச்சை எல்லாம் எழுத்துத் தமிழாக்கிவிடுவார். இரண்டாம் மெய்ப்பில்தான் உங்களுக்குத் தெரியவரும்.

மெய்ப்பில் புது வாக்கியம் எழுதாதீர்கள். ஒரு பக்கத்தில் இரண்டு வரி கூடினால் அத்தியாயம் முடியும்வரை எல்லாப் பக்கமும் நகரும், சரியாக இருந்த வரி உடைவுகள் கெடும், புதுப் பிழைகள் முளைக்கும். திருத்தத்தைப் பக்கம், வரி, இருப்பது, இருக்க வேண்டியது என்று குறித்தால் வடிவமைப்பவர் தவறு செய்ய வாய்ப்பு குறைவு. பெரிய எழுத்தில் இருக்கும் பிழைதான் கண்ணுக்குத் தப்பும். அட்டை, முதுகு, தலைப்புப் பக்கம், அத்தியாயத் தலைப்புகள், பொருளடக்கத்தின் பக்க எண்கள் இவற்றைத் தனியாக ஒருமுறை படியுங்கள். இதுவரை நாவலைப் படிக்காத ஒருவர் படித்தால் இன்னும் நல்லது.

வடிவமைத்து வந்த பி.டி.எஃப்.இல் எழுத்துகள் உடைந்திருக்கின்றன. என்ன காரணம்?

இரண்டு காரணம் இருக்கலாம். உங்கள் பிரதி பழைய எழுத்துருக் குறியீட்டில் இருந்து யூனிகோடுக்கு மாற்றப்பட்டிருந்தால் மேற்கோள் குறிகளும் சில கூட்டெழுத்துகளும் மாறியிருக்கும். பிரதியே யூனிகோடில் இருந்தும் உடைகிறதென்றால், இன்டிசைன் மென்பொருளில் உலக மொழிகளுக்கான வேர்ல்டு ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுக்காமல் பக்கம் அமைத்திருப்பார்கள். அப்போது 'கொ', 'கெ' போன்றவற்றில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். அமைப்பை மாற்றினால் சரியாகிவிடும், கையால் திருத்தக் கூடாது.

கண்ணுக்குத் தெரியாத பிழைகளும் உண்டு. 'ஔ' வர வேண்டிய இடத்தில் 'ஒ' எழுத்தும் 'ள' எழுத்தும் தட்டியிருப்பது, 'கௌ' என்பதற்குக் 'கெ' எழுத்தும் 'ள' எழுத்தும், துணைக்காலுக்குப் பதில் 'ர'. அச்சில் பெரிதாகத் தெரியாது. மின்னூலில் தேடினால் சொல் அகப்படாது, வாசித்துக்காட்டும் மென்பொருள் தப்பாக வாசிக்கும். பிரதியை அனுப்பும் முன் இவற்றைத் தேடி மாற்றிவிடுங்கள்.

வடிவமைத்த பக்கத்தில் இன்னொன்றும் பாருங்கள். தமிழ்ச் சொல் நீளம் என்பதால் இருபுறமும் சமன்செய்யும்போது வரி நடுவில் வெள்ளை இடைவெளிகள் விழும். சொல்லை உடைக்க அனுமதித்தால் தீரும். ஆனால் புள்ளி வைத்த மெய்யெழுத்தில் வரி தொடங்கக் கூடாது.

அட்டை வடிவமைப்பாளர் பக்க எண்ணிக்கை உறுதியானால்தான் அட்டை தருவேன் என்கிறார். ஏன்?

முதுகின் அகலத்துக்காக. 80 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 80 கிராம் எடை) தாள் ஒன்றின் தடிமன் ஏறத்தாழ 0.1 மி.மீ. 256 பக்கம் என்பது 128 தாள், ஆக முதுகு 13 மி.மீ. பருமன் கூடிய தாளானால் இன்னும் தடிக்கும். அதனால் எந்தத் தாள் என்பதையும் அச்சகத்திடம் கேட்டாக வேண்டும். அட்டை முடிந்தபின் 20 பக்கம் கூடினால் முதுகு எழுத்து ஒரு பக்கமாக ஒதுங்கும்.

தகடு செய்து அச்சிடும் ஆஃப்செட் முறையில் 16 பக்கம் ஒரு ஃபாரம், அதாவது ஒன்றாக மடித்துச் சேர்க்கும் தொகுதி. 256 பக்கம் சரியாகப் பதினாறு ஃபாரம். 258 பக்கம் என்றால் பதினேழாவது ஃபாரத்தைத் தொட்டு, 14 பக்கம் வெற்றாகப் போகும். அச்சகம் அரை ஃபாரம், கால் ஃபாரம் சேர்த்துத் தைக்கலாம், ஆனால் அதுவும் செலவு. இந்த இரண்டு பக்கத்துக்காக வடிவமைப்பாளர் உங்கள் நன்றியுரையைச் சுருக்கக் கேட்டால் ஒத்துக்கொள்ளுங்கள்.

அட்டைக் கோப்பு சி.எம்.ஒய்.கே. நிறத்தில் (அச்சு மையின் நான்கு நிறம்), 300 டி.பி.ஐ.யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி), சுற்றிலும் 3 மி.மீ. வெட்டு மிகையோடு (வெட்டும்போது போகும் கூடுதல் ஓரம்) இருக்க வேண்டும். திரையில் பளிச்சிட்ட நீலம் அச்சில் மங்குவது, திரைக்கான ஆர்.ஜி.பி. நிறத்திலேயே அனுப்பியதால். தாளின் இழை முதுகுக்கு இணையாக ஓட வேண்டும் என்பதையும் அச்சகத்திடம் உறுதிசெய்யச் சொல்லுங்கள். குறுக்கே ஓடினால் புத்தகம் விரிந்து நிற்காது, ஈரக்காற்றில் பக்கங்கள் அலையாக நெளியும், ஒட்டு சீக்கிரம் விடும்.

ஐ.எஸ்.பி.என். நானே வாங்க வேண்டுமா?

வேண்டாம், பதிப்பகம் வாங்கும். ஒவ்வொரு பதிப்பையும் அடையாளம் காட்டும் இந்த எண் 2007 ஜனவரி முதல் 13 இலக்கம். மெல்லிய அட்டை அச்சுநூலுக்கு ஒன்று, கெட்டி அட்டைக்கு வேறு, மின்னூலுக்கு வேறு. மாற்றமில்லாத மறு அச்சுக்கு அதே எண் போதும்.

முதல் அச்சு எத்தனை? தேவைக்கேற்ப அச்சிடுவது நல்லதா?

ஆஃப்செட்டில் தகடு செய்யும் செலவு முதல் பிரதிக்கே வந்துவிடும். எண்ணிக்கை கூடக்கூடப் பிரதிச் செலவு இறங்கும். டிஜிட்டலில் முதல் பிரதிக்கும் நூறாவது பிரதிக்கும் செலவு கிட்டத்தட்ட ஒன்றே. சில நூறு பிரதிகளைத் தாண்டும்போதுதான் ஆஃப்செட் மலிவாகிறது. முதல் நாவலுக்கு 200, 300 பிரதி டிஜிட்டலில் அடித்து, போக்கைப் பார்த்து மறு அச்சுக்குப் போவது புத்திசாலித்தனம். கிடங்கில் தேங்கிய ஆயிரம் பிரதி சிறு பதிப்பகத்தின் அடுத்த மூன்று புத்தகத்தின் மூச்சை அடைத்துவிடும். டிஜிட்டலில் ஒரு குறை: அச்சுச் செலவு போக மிச்சம் குறைவு, ஆகவே கடைகளுக்குப் பெரிய கழிவு தர முடியாது. 'கடையில் கிடைக்குமா, கேட்டால் மட்டும் வருமா?' என்று முன்பே கேளுங்கள்.

விற்பனைக்கு நான் என்ன செய்ய வேண்டும்?

வெளியீட்டுக்கு மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள். மதிப்புரை எழுதக்கூடிய இருபது முப்பது பேரின் பட்டியல், ஒவ்வொருவரும் கடைசியாக எந்த மாதிரிப் புத்தகத்தைப் பற்றி எழுதினார் என்ற குறிப்போடு. எல்லாருக்கும் ஒரே கடிதம் அனுப்பினால் பதில் வராது. பின்னட்டைக் குறிப்பு 120 சொல்லுக்குள். கதை தொடங்கும் சிக்கல்வரை சொன்னால் போதும். இணையக் கடைகளில் போடும் விவரங்களை நீங்களே சரிபாருங்கள். பெயர் ஓரிடத்தில் முதலெழுத்தோடும் இன்னோரிடத்தில் இல்லாமலும் இருந்தால், உங்கள் அடுத்த நாவல் முதலாவதோடு சேர்ந்து வராது. பரிசுகளின் கடைசித் தேதிகளைப் பட்டியலிட்டுப் பதிப்பகத்திடம் கொடுங்கள். பல பரிசுகளுக்குப் பதிப்பகம்தான் விண்ணப்பிக்க முடியும், பதிப்பு விவரப் பக்கத்தில் உள்ள ஆண்டைத்தான் பார்ப்பார்கள். டிசம்பர் கடைசியில் வரும் நாவலுக்கு ஓர் ஆண்டே பறிபோகும் என்பதால் ஜனவரிக்குத் தள்ளுவது பற்றிப் பேசிப் பாருங்கள்.

இதற்கு மேல் செய்வது உங்கள் இயல்பைப் பொறுத்தது. கூட்டத்தில் பேச முடியாதவர் கட்டுரை எழுதலாம். இரண்டுமே முடியாதென்றால் இரண்டாம் நாவலைத் தொடங்கிவிடுங்கள், அது முதலாவதையும் விற்கும்.

பதிப்பகமே மூடப்போவதாகக் கேள்விப்படுகிறேன். என் நாவல் என்ன ஆகும்?

உடனே எழுதுங்கள், தொலைபேசியில் பேசி நிறுத்திக்கொள்ளாதீர்கள். உரிமை உங்களுக்குத் திரும்பிவிட்டது என்று தேதியும் கையெழுத்தும் உள்ள கடிதம் வேண்டும். அந்தக் கடிதம் இல்லாமல் இன்னொரு பதிப்பகம் தொடாது. 'மூடினால் உரிமை தானாகத் திரும்பும்' என்ற வரி ஒப்பந்தத்தில் இருந்தாலும் கடன் கொடுத்தவர்களோ நீதிமன்றமோ நுழைந்தபின் அதை நிலைநாட்டுவது கடினமாகலாம். ஆகவே முந்திக்கொள்ளுங்கள்.

அச்சுக்குப் போன பி.டி.எஃப்.பையும், அதைவிட முக்கியமாக, திருத்தக்கூடிய மூலக் கோப்பையும் கேட்டு வாங்குங்கள். மெய்ப்பில் சேர்ந்த திருத்தமெல்லாம் அந்தக் கோப்பில் மட்டும்தான் இருக்கும், உங்கள் கணினியில் உள்ள பழைய பிரதியில் இருக்காது. பக்க வடிவமைப்பும் அட்டைப் படமும் வடிவமைப்பாளருக்கோ ஓவியருக்கோ சொந்தமாக இருக்கலாம், மறுபடி பயன்படுத்த அவர்களிடம் தனியாக அனுமதி கேளுங்கள். இருப்பில் உள்ள பிரதிகளை எடைக்குப் போடும் முன் அச்சு விலைக்கே உங்களுக்குத் தரச் சொல்லலாம். பழைய ஐ.எஸ்.பி.என். அந்தப் பதிப்பகத்தோடு முடிந்தது. புதிய பதிப்புக்குப் புது எண் வாங்க வேண்டும். இணையக் கடைகளில் பழைய பதிப்பைப் பட்டியலிலிருந்து எடுக்கச் சொல்லி எழுதுங்கள். இல்லாவிட்டால் வாசகர் கிடைக்காத பதிப்பைத் தேடிக்கொண்டிருப்பார்.